கருவியும் காட்சியும்

மீன் தொட்டியைப் படம் எடுப்பதற்கு எந்த டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவை வாங்குவது, அதற்கு எந்த லென்ஸைப் பொருத்துவது என்பது, கடைக்காரரிடமும் அனுபவஸ்தரிடமும் கேட்டுத் தெளிய வேண்டிய லௌகிக விஷயமே அன்றித் தத்துவ விசாரணைக்கு உரியது அன்று என்றே பலரும் கருதுவார்கள். ஆயினும், உள்ளதை உள்ளபடி காண்பது மனிதனுக்குச் சாத்தியமா, காண்பதற்கென்று அவன் கையாளும் கருவிகள் அவனுக்குத் துணையா தடையா என்ற பழைய வினா, கண்ணாடிச் சுவருக்குள் அடைபட்ட அந்தச் சிறு நீர்நிலையின் முன்னே கேமராவும் கையுமாக நிற்பவனிடம் மிக நேரடியாகவே வந்து நிற்கிறது. அவன் அதற்கு வாயால் விடை சொல்லாவிட்டாலும், தான் தேர்ந்தெடுக்கும் லென்ஸினால் விடை சொல்லியே தீர வேண்டியவனாகிறான்.

பிரமாண விசாரணையில் நம் ஆசாரியர்கள் காட்சிக்கு முதன்மையான இடம் கொடுத்தார்கள். ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் காட்சி என்று அவர்கள் ஒப்பவில்லை. ஐயமும் திரிபும் நீங்கி, மாசற்று நிற்கும் அறிவே காட்சி எனச் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியார் வரையறுத்தார். இதுவோ அதுவோ என்று தடுமாறுவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகத் துணிவது திரிபு. இந்த இரண்டு குற்றங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மீன் தொட்டியை அணுகினால், கேமராக்காரனின் சங்கடங்கள் யாவும் இவ்விரண்டில் ஒன்றன் பாற்படுவதைக் காணலாம்.

முதலில் திரிபு. நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.33, கண்ணாடியினுடையது 1.5 அளவில் இருக்கும். இவற்றைக் கடந்து காற்றுக்கு வரும் கதிர் தன் திசையை மாற்றிக்கொண்டு வருவதால், கண்ணாடிக்குப் பின்னே 40 செ.மீ. தொலைவில் நீந்தும் மீன், நேரே நின்று நோக்குபவனுக்கு ஏறக்குறைய 30 செ.மீ. தொலைவில் நீந்துவதாகத் தோன்றுகிறது. மீன் சற்றே அருகிலும், அதனால் சற்றே பெரிதாகவும் தெரியுமே தவிர, அதன் உருவம் கெடுவதில்லை. சாய்வாக நின்று நோக்குபவனுக்கோ, வெவ்வேறு நிறக் கதிர்கள் வெவ்வேறு அளவில் வளைவதால், செதிலின் விளிம்பில் இல்லாத நீலமும் சிவப்பும் கசிகின்றன, உருவம் இழுபடுகிறது, கூர்மை குலைகிறது. எத்துணை விலை உயர்ந்த லென்ஸும் இந்தக் குற்றத்தைப் போக்காது. லென்ஸின் முகத்தைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்துவதே இதற்குப் பரிகாரம். லென்ஸின் நுனியில் ஒரு ரப்பர் ஹூடை மாட்டிக் கண்ணாடியோடு பொருத்தி வைத்தால், அறையின் விளக்கும், படம் எடுப்பவனுடைய முகமும் கண்ணாடியில் பிரதிபலித்து மீனின் மேல் படிவதும் நின்றுவிடும். தன்னுடைய பிம்பத்தை நடுவிலிருந்து விலக்கினாலன்றி எதிரே உள்ள பொருளின் உண்மை புலப்படாது என்ற உபதேசத்தை, இந்த எளிய ரப்பர் வளையமே செய்துவிடுகிறது.

ஐயத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. நியான் டெட்ரா என்ற மீன் ஏறக்குறைய 3 செ.மீ. நீளமே உடையது, ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலமோ 36 மி.மீ. ஆகவே பொருளை அதன் மெய்யான அளவிலேயே சென்சாரில் விழச் செய்யும் மேக்ரோ லென்ஸ் இருந்தால்தான் அம்மீன் படத்தை நிறைக்கும். அந்த அளவு நெருங்கியபின், எஃப் 2.8 என்ற அகன்ற துவாரத்தில் தெளிவாகப் பதியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண் தெளிந்தால் வால் மங்கும், வால் தெளிந்தால் கண் மங்கும். துவாரத்தை எஃப் 8 வரை சுருக்கினால் ஆழம் ஓரளவு கூடும். ஆனால் உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒளி குறைந்ததை ஈடுசெய்ய ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் நீந்தும் மீன் கலைந்து போகும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் முழுதும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். ஒன்றைப் பெறுவதற்கு வேறொன்றைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற இந்த நியதியிலிருந்து எந்தக் கம்பெனியின் கேமராவுக்கும் விலக்கு இல்லை.

லென்ஸைத் தேர்ந்தெடுப்பது என்பது, ஆதலால், எதைக் காணாமல் விடுவதற்கு நாம் சம்மதிக்கிறோம் என்று தீர்மானிப்பதே ஆகும். 60 மி.மீ. மேக்ரோ கண்ணாடியை ஒட்டி வரும் மீனுக்குப் போதும். தொட்டியின் நடுவே நிற்கும் மீனை அதே அளவில் பிடிப்பதற்கு 100 மி.மீ. வேண்டும், ஆனால் அது மீனைச் சூழ்ந்த செடியையும் கல்லையும் பெரும்பாலும் விலக்கிவிடும். ஃபுல் ஃபிரேம் கேமரா மங்கிய ஒளியில் வல்லது. சிறிய சென்சார் உடைய கேமராவிலோ, அதே மீன் குறைந்த உருப்பெருக்கத்திலேயே படத்தை நிறைப்பதால், தெளிவின் ஆழம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஃபிளாஷை அனுமதிக்காத பொதுக் காட்சியகங்களில், எஃப் 1.8 துவாரமுள்ள 35 அல்லது 50 மி.மீ. லென்ஸே கைகொடுக்கும். வீட்டுத் தொட்டியிலானால், கேமராவின் தலைமேல் எரியும் ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டு வெள்ளைத் திட்டாகத் திரும்பி வருமாதலால், அதைக் கழற்றித் தொட்டியின் மேலே வைத்து, ஒளி மேலிருந்து கீழே விழும்படி செய்வது உத்தமம். நீர்வாழ் உயிர்களுக்கு ஒளி இயற்கையில் வரும் திசையும் அதுவே.

இனி நிறம். நியான் டெட்ராவின் உடலில் ஒளிரும் நீலக்கோடு ஒரு சாயத்தினால் ஆனது அன்று. தோலின் உயிரணுக்களில் அடுக்கடுக்காக அமைந்த குவானைன் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பும் விதத்தினால் அந்த நீலம் தோன்றுகிறது. பார்க்கும் கோணம் மாறினால் அது மாறும், இரவில் மங்கும். பவளத் தொட்டிகளின் நீல எல்இடி விளக்கின் கீழே எடுத்த படத்தை ரா கோப்பாகச் சேமித்துப் பின்னர் வெள்ளைச் சமநிலையைத் திருத்துகிறவன், எந்த நிறத்தை மெய்யான நிறம் என்று நிச்சயிப்பான்? நிறம் என்பது மீனும் ஒளியும் காண்பவனும் கூடுகின்ற சம்பந்தத்தில் நிகழ்வது என்பதே அவன் அடையக்கூடிய நேர்மையான முடிவு. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று சைவ சித்தாந்தம் கூறுவதை ஏட்டில் படித்து ஐயுறுகிறவர்களுக்கு, இந்தச் சிறிய மீன் ஓரளவு தெளிவு தரும்.

எஸ்எல்ஆர் கேமராவின் அமைப்பிலேயே சிந்தனைக்குரிய நுட்பம் ஒன்று உண்டு. லென்ஸின் வழியே வரும் ஒளியை உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி எழும்பி, ஒளி சென்சாருக்குப் போகிறது. அக்கணத்தில் கண்ணுக்கு முன்னே இருள்தான். எந்த க்ஷணத்தைப் படமாக்கினோமோ அந்த க்ஷணத்தை நாம் காண்பதில்லை. அதற்கு முந்தியதைக் கண்டோம், பிந்தியதைக் கண்டோம். நடுவில் நிகழ்ந்ததற்குச் சாட்சி கருவியே. நான் கண்டேன் என்று படத்தைக் காட்டிப் பெருமை கொள்ளும் அகங்காரத்துக்கு, கருவியே தன் அமைப்பில் ஒரு மறுப்பை வைத்திருக்கிறது.

கருவியின் குற்றங்கள் இவ்வளவு என்றால், கருவியைக் கையாளுகிறவனுடைய குற்றம் எத்தகையது என்பதற்கு, மீன் தொட்டியின் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் 1853ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கென்று மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதற்குக் கடல்வாழ் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களுள் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளரும் ஒருவர். மறு ஆண்டிலேயே அவர் ‘தி அக்வேரியம்’ என்ற நூலை வெளியிட்டு, வீட்டில் தொட்டி வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவக் காரணமானார். அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்தவர். பூமியின் தொன்மையைப் பாறைகள் காட்ட, வேதாகமத்தின் சிருஷ்டிக் கதை வேறொன்று சொல்ல, இரண்டையும் சமரசப்படுத்தும் பொருட்டு 1857இல் ‘ஆம்ஃபலோஸ்’ என்ற நூலை எழுதினார். உலகம் படைக்கப்பட்ட கணத்திலேயே, கடந்துபோகாத ஒரு காலத்தின் அடையாளங்களோடு, மரத்தின் வளையங்களும் பாறையின் எலும்புகளும் கூடியே படைக்கப்பட்டது என்பது அவருடைய வாதம். அவருடைய நண்பரான போதகர் சார்லஸ் கிங்ஸ்லியாலேயே இதை ஏற்க முடியவில்லை. இறைவன் பாறைகளில் பொய்யை எழுதி வைத்தான் என்று முடிவதை அவர் மனம் ஒப்பவில்லை. காஸின் கண்ணில் குற்றம் இல்லை. கண்டதை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டவர் அவர். முடிவு முன்னமே நிச்சயமாகிவிட்ட மனத்தில், மாசற்ற காட்சியும் அனுமானத்துக்கு உதவாமல் போயிற்று.

கிங்ஸ்லியின் மறுப்பு நம்முடைய வினாவுக்கும் வழிகாட்டுகிறது. தோற்றம் உண்மையோடு பொருந்தாத இடத்தில், படைத்தவன் நம்மை வஞ்சிக்கிறான் என்று கொள்வதா? நீருக்குள் மீன் முக்கால் தொலைவில் தெரிவது வஞ்சனை அன்று. அது ஒரு நியதி. நியதியை அறிந்தவனுக்குத் திரிபே மெய்க்குச் சாட்சி ஆகிறது, 30 செ.மீ. என்ற தோற்றத்திலிருந்து 40 செ.மீ. என்ற உண்மையை அவன் கணக்கிட்டுக்கொள்கிறான். மாயையிலிருந்து உயிருக்குக் கிடைத்த உடலும் கருவிகளும், விடியும் வரையில் இருளில் ஏற்றி வைத்த விளக்கைப் போன்றவை என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் உரைத்ததன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. விளக்கின் ஒளி எல்லைக்குட்பட்டது என்பதனால் அது பொய் ஆகாது. அந்த எல்லையையே உலகத்தின் எல்லை என்று எண்ணுவதுதான் பொய். துணையா தடையா என்ற வினாவுக்கு, எல்லையை உணர்ந்தவனுக்குத் துணை, உணராதவனுக்குத் தடை என்பதே விடை.

ஆகவே, கேமரா வாங்கப் புறப்படும் அன்பருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. கையில் உள்ள பணத்தில் கேமராவுக்குக் குறைத்து, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸுக்கும் தனியே நிறுத்தக்கூடிய ஒரு ஃபிளாஷுக்கும் அதிகம் ஒதுக்குங்கள். ரப்பர் ஹூடை மறவாதீர்கள். தொட்டியின் கண்ணாடியைத் துடையுங்கள், ஆனால் தட்டாதீர்கள், அந்த அதிர்ச்சி உள்ளே இருக்கும் உயிருக்குத் துன்பம். வாங்குவதற்கு முன்னே, எந்த லென்ஸ் எதை மறைக்கும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். அது காட்டுவதை அவர் கேளாமலே சொல்லுவார்.