வினை செய்தார்க்கே உரித்து

ஒருவன் இயற்றிய தீவினையின் பழியை, பெயராலும் வழிபாட்டாலும் அவனோடு ஒத்த மற்றையோர் மேல் ஏற்றுதல் முறையாகுமோ என்பது இக்காலத்துச் சைவ நன்மக்கள் ஆராய்தற்குரிய வினாவாகும். பயங்கரவாதம் என்னும் கொடுமை நிகழுந்தோறும், செய்தார் இன்னாரெனத் தெளியுமுன்னரே இஸ்லாமியர் அனைவரையும் ஐயுறும் எண்ணம் பலர் உள்ளத்தில் எழுகின்றது. அவ்வெண்ணம் சித்தாந்த நெறிக்கு இசைவதன்று. அஃது இசையாமை பின்வருமாற்றான் விளங்கும்.

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே அமைந்த கொடைரோடு, கொடைக்கானல் மலைக்குச் செல்வார் இறங்கும் புகைவண்டி நிலையமாகும். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஓடும் பாண்டியன் விரைவு வண்டி அங்கு நின்று செல்வது. 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகே அவ்வண்டியில் குண்டு வெடித்தது. சேரன், ஆலப்புழை விரைவு வண்டிகளிலும் அந்நாளிலேயே குண்டுகள் வெடித்தன. ஒரு குற்றமும் அறியாப் பயணியர் மாண்டனர். குண்டு எவருடைய சமயத்தையும் வினவுவதன்று. அதன்பின் எழும் ஐயமோ சமயம் ஒன்றையே வினவுகின்றது. தொப்பியணிந்த முதியவர் ஒருவர் கையிற் பொதியோடு கொடைரோட்டில் வண்டியேறின், அருகிருப்பார் அவரை நோக்கும் நோக்கு வேறாகின்றது. அம்முதியவர் செய்த குற்றந்தான் யாது?

ஐயம் உள்ளத்தளவில் நில்லாது செயலாகுங்கால் விளையும் கேட்டினைக் கோயம்புத்தூர் காட்டிற்று. 1997 நவம்பர் 29-ஆம் நாள் அந்நகரிற் காவலர் ஒருவர் கொலையுண்டார். கொன்றவர் சிலர். அதன்பின் எழுந்த கலவரத்திலோ இஸ்லாமியர் 18 பேர் உயிரிழந்தனர். அப்பழிக்குப் பழியென, 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடிக்க, 58 பேர் மாண்டனர். ஈரிடத்தும் வினை செய்தார் ஒருவர். பயன் நுகர்ந்தார் வேறொருவர். 'அவர் இனத்தார்க்கு இது தகும்' என்னும் ஒரு சொல்லே இரு திறத்தார் கையிலும் படைக்கலமாயிற்று. அச்சொல்லை ஒருவன் தன் பகைவன் வாயில் தவறென்பானாயின், தன் வாயிலும் தவறென்றே கொள்ளல் வேண்டும்.

இனி, அளவை முறையால் நோக்குவோர்க்கும் இக்குற்றம் புலனாகும். புகை கண்டவிடத்துத் தீயுண்டெனக் கருதுதல் பொருந்தும். தீ கண்டவிடமெல்லாம் புகையுண்டெனக் கருதுதல் பொருந்தாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் தீ உண்டு, புகை இல்லை. 'குண்டு வைத்தவன் இஸ்லாமியன்; ஆகவே இஸ்லாமியன் குண்டு வைப்பவன்' என்பார் இவ்விரண்டாம் வழுவினையே செய்கின்றனர். தருக்கம் பயின்ற சைவர், சினம் வந்தபொழுது மட்டும் தருக்கத்தைக் கைவிடுதல் அழகன்று.

இதனினும் வலியது சித்தாந்தக் கோட்பாடு. ஆன்மா ஒன்றே என்னும் ஏகான்மவாதிகளைச் சித்தாந்திகள் எங்ஙனம் மறுக்கின்றனர்? ஆன்மா ஒன்றாயின் ஒருவன் இன்பம் அனைவர்க்கும் இன்பமாதல் வேண்டும். ஒருவன் துன்பம் அனைவர்க்கும் துன்பமாதல் வேண்டும். அங்ஙனம் காணாமையின் ஆன்மாக்கள் பல என்பர். பலவாகிய ஆன்மாக்கள் தத்தம் வினைக்கேற்பத் தத்தம் உடலும் நுகர்ச்சியும் பெறுகின்றன. ஒருவன் உண்ணப் பிறிதொருவன் பசி தீராது. ஒருவன் கொல்லப் பிறிதொருவன் கொலைஞன் ஆகான். இங்ஙனமாகவும், ஒருவன் வினையை ஒரு சமயத்தார் அனைவர்க்கும் உரித்தாக்கும் சைவர், தாம் நாவால் மறுத்த கொள்கையை நெஞ்சால் உடன்பட்டவராவர்.

அற்றேல், அக்கொலைஞர் தம் சமயத்தின் பெயராலன்றோ கொல்கின்றனர். அச்சமயத்தார்க்கு அதில் பங்கு இல்லையோ எனின், ஒரு பெயரை ஒருவன் எடுத்தாளுதலால் அப்பெயருடையார் அனைவரும் அவனுக்கு உடன்பட்டாராகார். 2008 நவம்பரில் மும்பையில் 160-க்கு மேற்பட்டோரைக் கொன்று தாமும் மடிந்த ஒன்பதின்மர் உடல்களைத் தம் அடக்கத்தலத்தில் ஏற்க, அந்நகரத்து இஸ்லாமியர் மறுத்தனர். அவ்வுடன்பாடின்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

தமிழ்ச் சைவர்க்கு இவ்வுண்மை பிறர் கூறி அறியவேண்டுவதும் அன்று. 1983 சூலை 23-ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் இலங்கைப் படைவீரர் 13 பேரைக் கொன்றனர். அதற்கு ஈடாகக் கொழும்பு முதலிய இடங்களில் தமிழர் பல நூற்றுவர் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரியுண்டன. அங்ஙனம் அழிந்தாருட் சைவர் பலர். 'தமிழன் கொன்றான், ஆதலின் தமிழர் மாள்க' என்னும் வழக்கு அன்று அறமாயிருந்ததோ? அன்று அஃது அறமன்றெனின் இன்றும் அறமன்று.

இங்ஙனம் கூறுதலால், கொடியோரைப் பொறுத்துக்கொள்க என்பது கருத்தன்று. தண்டித்தலும் அருளின் ஒரு கூறே. அதனை மறக்கருணை என்பர் சான்றோர். ஆனால் தண்டம் ஆராய்ந்து செய்யப்படுவது, செய்தான்மேற் செல்வது. கோவைக் குண்டு வழக்கில் 2007-இல் தனி நீதிமன்றம் 150-க்கு மேற்பட்டோரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது, சிலரை விடுவித்தது. அவ்விடுவித்தலும் நீதியின் செயலே. வெறுப்போ ஒருவரையும் விடுவிக்க அறியாது. கொலையே அறமெனப் போதிப்பார் உளராயின், அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்திற் செய்தது போல, அக்கொள்கையை எடுத்து வலிமையாக மறுத்தல் சைவர் கடன். மறுக்கப்படுவது கொள்கை, வெறுக்கப்படுவது மாந்தர் அல்லர்.

2022 அக்டோபர் 23-ஆம் நாள் கோவை உக்கடத்தில், கோட்டை ஈசுவரன் கோயிலின் முன்னர் காரொன்று வெடித்து, அதனுள் இருந்தவன் மடிந்தான். சின்னாட்களில் அப்பகுதி ஜமாஅத்தார் அக்கோயிலுக்கே சென்று, அங்குள்ளாரைக் கண்டு நல்லிணக்கம் உரைத்தனர். சிவன் கோயில் வாயிலில் நிகழ்ந்த தீச்செயலுக்கு வருந்தி வந்தாரையும், அத்தீச்செயல் செய்தானையும் ஒரு தட்டில் நிறுப்பது எந்த நடுவுநிலைமை?

ஆதலின், கொடைரோட்டில் வண்டிக்குக் காத்திருக்கும் சிவனடியார் செய்யத்தக்கது எளிது. உரியவர் இல்லாத பொதியைக் கண்டால் காவலர்க்கு அறிவித்தல் வேண்டும். அது யார் பொதியாயினும் வேண்டும். தொப்பியணிந்த முதியவர் வண்டியேறினால் ஒதுங்கி அவருக்கு இடம் விடுதல் வேண்டும். முன்னது விழிப்பு, பின்னது அறம். இவ்விரண்டும் தம்முள் முரணுவன அல்ல. முரணுவதாக உள்ளத்திற் காட்டுவது ஆணவ இருளே. அவ்விருள் குண்டு வைத்தான் உள்ளத்தும் இருந்தது. அதனைத் தன் உள்ளத்தும் வளரவிடாது காத்தலே, அவன் தீவினைக்குச் சைவன் தரத்தக்க முதல் விடையாகும்.