ஆலவட்டமும் அலைவரிசையும்

ஊருக்கெல்லாம் சொல்வது என்றதும் வைணவ மரபில் முதலில் நினைவுக்கு வருவது திருக்கோஷ்டியூர்க் கோபுரம். குரு மறைவாய் உபதேசித்ததை ராமானுஜர் ஊரறியச் சொன்னார் என்பது பரவலாக வழங்கும் கதை. ஒருவர் சொல்ல எல்லோரும் கேட்பது பெரிய ஒலிபரப்புக்குப் பொருந்தலாம். 100 வாட் வீச்சுத் திறனும் 30 மீட்டருக்கு மிகாத ஆன்டெனாவுமாக, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் சமுதாய வானொலிக்கு அது பொருந்தாது. அதற்கு ஏற்ற முன்னோடி காஞ்சிபுரத்தில் இருந்தார்: திருக்கச்சி நம்பி.

பூவிருந்தவல்லியில் பிறந்த நம்பி அந்தணர் அல்லர். வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவது அவர் கைங்கரியம். தம் ஐயங்களை ராமானுஜர் அவர் மூலமாகவே பெருமாளிடம் கேட்டார். ஆறு வார்த்தைகளில் விடை வந்தது என்கிறது குருபரம்பரை. ஆறாவது விடை, பெரிய நம்பியை ஆசாரியராகப் போய் அடையச் சொன்னது. கேள்வியைக் கொண்டுபோய், பதிலைக் கொண்டுவந்து, கேட்டவரை உரிய ஆளிடம் அனுப்பிவிட்டு நம்பி ஒதுங்கிக்கொண்டார். சிறிய வானொலியின் அறமும் இதுதான் என்பேன். 2016 முதல் பாம்பனில் ஒலிக்கும் ‘கடல் ஓசை’யிடம் மீனவர் எதிர்பார்ப்பது உபதேசத்தையா? இன்று கடலுக்குப் போகலாமா என்பதற்குப் பதிலைத்தான். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்குக் கையும் காலும் வேலையில் இருக்கின்றன, காது மட்டும் சும்மா இருக்கிறது. ஜரிகை விலை, கூலி உயர்வு, நெசவாளர் சங்கத்துப் பாக்கி என்று அவரிடமும் கேள்விகள் உண்டு. யூடியூப் உலகெங்கும் போகுமே என்பார்கள். போகும், ஆனால் பதில் சொல்ல வேண்டிய சங்கத்து அதிகாரி உலகெங்கும் இல்லை, அதே ஊரில் இருக்கிறார். மழுப்பினால் மறுநாளும் அவரைக் கேட்கலாம்.

காஞ்சி போன்ற கோயில் ஊரில் சமுதாய வானொலி இன்னொரு ஒலிபெருக்கியாகிவிடாதா என்ற ஐயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மூடநம்பிக்கையை வளர்க்கவோ மதங்களைத் தாக்கவோ கூடாது என்று விதி இருக்கிறது. விதி மட்டும் போதாது. நம்பி விசிறி வீசிய அதே சன்னிதியில் யார் பிரபந்தம் சேவிப்பது என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். குரலுக்கு முதலுரிமை கேட்கும் ஊரில் ஒலிவாங்கி ஒரு தரப்பின் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நிலையம் தொடங்க 2006-இல் வழி திறந்தது. பொதுச்சொத்தாக இருப்பதால் மட்டும் சண்டை ஓயாது, கோயிலும் பொதுவானதுதானே. ஆனாலும் ஓதும் உரிமைக்கு நடக்கும் போட்டி, கேள்வியைச் சுமந்துபோகும் வேலைக்கு அவ்வளவு நடக்காது. யார் கேள்வி முதலில் என்ற சிக்கல் அப்போதும் மிஞ்சும். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

இதைவிடக் கூர்மையான கேள்வி கூலியைப் பற்றியது. வானொலி நிலையம் தொண்டு என்ற பெயரில் இலவச உழைப்பை வாங்குவது தகுமா? நம்பியின் கதையே இதற்கு விடை வைத்திருக்கிறது. அவர் மோட்சம் கேட்டபோது, நீ வீசினாய், நான் பேசினேன், கணக்குச் சரியாகிவிட்டது என்று பெருமாள் கைவிரித்தாராம். மோட்சத்துக்குக் கைங்கரியம் விலையாகாது, ஆசாரியர் வேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு: கைங்கரியத்துக்கும் கணக்கு உண்டு என்று பெருமாளே ஒப்புக்கொள்கிறார். வீசிய கைக்குப் பேச்சாவது கிடைத்தது. நெசவாளிக்குக் கூலி நெய்த புடவைக்குத்தான்; நிலையத்தில் கழியும் ஒரு மணி நேரம் அவர் வீட்டு வரவில் விழும் துண்டு. சம்பளமில்லாத் தொண்டு மட்டுமே என்று வைத்தால் ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் பேசுவார்கள், தறிக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார். மணிக்கு 12 நிமிடம் விளம்பரத்துக்கு இப்போது அனுமதி உண்டு. அந்த வருவாயில் ஒரு பங்கு, தறியை விட்டு எழுந்து வருபவரின் கூலிக்குப் போவது கைங்கரியத்துக்கு இழுக்கு என்று நான் நினைக்கவில்லை.