மூச்சுக்குக் காவல்

குற்றாலத்துப் பேரருவியின் கீழே நின்றவர்களுக்கு ஓர் அனுபவம் தெரிந்திருக்கும். தண்ணீர் தலையில் விழுந்த மாத்திரத்தில் மூச்சு அடைத்துப் போகும். பத்து விநாடி பொறுக்கலாம்; மிஞ்சினால் பதினைந்து. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, வாய் நிறையக் காற்றை அள்ளி விழுங்குவோம். அந்த ஒரு வாய்க் காற்றுக்குத்தான் என்ன ருசி!

சென்ற ஆண்டு ஆனியில், சாரல் தொடங்கிய சமயம், அப்படிக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு தென்காசிக்கு பஸ் ஏறினேன். ஐந்தாறு கிலோமீட்டர்தான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் என் நண்பர் படுத்திருந்தார். படுத்திருந்தார் என்று சொல்வதுகூடத் தவறு. நாற்பது வருஷம் பீடி குடித்த நெஞ்சு. படுத்தால் மூச்சு முட்டும். எதிரே ஒரு மேஜை, அதன்மேல் இரண்டு தலையணை, அதில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். சுவரில் ஒரு குப்பி நீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குழாயில் வரும் பிராணவாயு வறண்டது. அப்படியே நெடுநேரம் போனால் மூக்கும் தொண்டையும் காய்ந்துவிடும் என்பதற்காக ஈரப்படுத்தி அனுப்புகிறார்கள்.

இரவு பதினொரு மணி இருக்கும். நண்பரின் விரலில் மாட்டியிருந்த சிறு கருவி 91 என்று காட்டிற்று. அவர் மகனுக்கு அது போதவில்லை. பக்கத்துக் கட்டிலில் 98 அல்லவா!

"சிஸ்டர், இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்க. அப்பா மூச்சு வாங்குறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது அண்ணே. இவங்களுக்கு 88-லேருந்து 92 வரை இருந்தாப் போதும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கூட்டினா மயக்கம் வந்துரும்."

அவன் முகம் சுண்டிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கோபந்தான். காற்றுக்குக்கூடவா கஞ்சத்தனம்? பிறகுதான் விஷயம் விளங்கிற்று. நாள்பட்டுக் கெட்டுப்போன நுரையீரலுக்குப் பிராணவாயு மிஞ்சினால், வெளியேற வேண்டிய கரியமிலவாயு ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. நோயாளி சுகமாகத் தூங்குவது போலிருக்கும். அந்தத் தூக்கம் கலையாமலே போனாலும் போகலாம். அவள் மறுத்தது அவர் உயிரைக் காப்பதற்காக.

அன்பு என்றால் அள்ளிக் கொடுப்பது என்று நாம் பழகிவிட்டோம். வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தாலும் இன்னொரு கரண்டி விட்டால்தான் உபசாரம். ஆனால் அளவு அறியாத அன்பு சில இடங்களில் கொல்லும். சற்று நேரத்தில் நண்பரின் மனைவி முருகன் படத்துக்குக் கர்ப்பூரம் ஏற்ற எடுத்தார். பிராணவாயு இருக்கும் இடத்தில் சிறு பொறிகூடப் பெருந்தீயாகும். நர்ஸ் தீப்பெட்டியை மெல்ல வாங்கி வைத்துக்கொண்டு, "விபூதி பூசி விடுங்கம்மா, அது போதும்" என்றாள். அதுவும் மறுப்புத்தான், எத்தனை இதமான மறுப்பு!

மூன்றாவது கட்டிலில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்த ஒரு பெரியவர் இருந்தார். காற்று குரல்வளைக்கு ஏறாமல் கழுத்தோடு போய் வருவதால் அவருக்குப் பேச்சில்லை. கையில் ஒரு சிலேட்டு. அந்தக் குழாயில் சளி அடைத்தால் கூப்பிடக்கூட முடியாது. அவள் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு வந்தாள். "தாத்தா, சளி எடுக்கப் போறேன். கொஞ்சம் கஷ்டமா இருக்கும்; உடனே எடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டு, உறிஞ்சு குழலை உள்ளே விட்டாள். அப்போது ஒன்றைக் கவனித்தேன்: அவளும் மூச்சு விடவில்லை.

பிறகு கேட்டேன். சிரித்தாள். "படிக்கையில சொல்லித் தந்தது சார். குழல் உள்ளே இருக்கிறப்ப அவங்களுக்குக் காத்து இல்லை. நானும் மூச்சை அடக்கிக்கிட்டா, எப்ப எடுக்கணும்னு என் நெஞ்சே சொல்லிரும்."

பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ண வேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். அதை ஒரு வேலைப் பழக்கமாகவே கற்றுத் தருகிறார்கள் என்பதை அன்றுதான் கண்டேன்.

வராந்தாவில் நண்பரின் மகன் சொன்னான்: "சம்பளம் வாங்குறாங்க, செய்யறாங்க." கூலிக்குச் செய்வது கருணையாகாதா? 1952-இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சுவிட இயலாமல் நோயாளிகள் மடிந்தார்கள். சுவாச இயந்திரங்கள் போதவில்லை. பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர், கழுத்துக் குழாயில் ஒரு பையை இணைத்துக் கையால் அமுக்கியே மூச்சு ஊட்டலாம் என்று காட்டினார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. அந்த மாணவர்களுக்கும் கூலி கொடுக்கப்பட்டது. அதனால் அவர்கள் ஊட்டிய மூச்சு மட்டமாகிவிட்டதா?

'சம்பளத்துக்குச் செய்கிறாள்' என்பது ஒரு தவறு. 'தெய்வம்' என்பது அதைவிட நாசூக்கான தவறு. 2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாம் எல்லோரும் வாசலில் நின்று கைதட்டினோம். அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட நர்ஸுகளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, 2022 டிசம்பர் 31-க்கு மேல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. கைதட்டிய நம்மில் எத்தனை பேர் அந்தச் செய்தியை முழுக்கப் படித்தோம்? தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால், அதற்கும் வீட்டு வாடகை உண்டு என்பது மறந்துபோகிறது.

விடியும்போது அடுத்த நர்ஸ் வந்தாள். இவள் ஒவ்வொரு கட்டிலாக நின்று எண்களையும் இரவில் நடந்ததையும் ஒப்படைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நண்பரின் மகன் எழுந்து நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல், "போயிட்டு வாங்கக்கா" என்றான்.

நான் மறுபடி குற்றாலம் போனேன். அருவியடியில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டில் வெளியே வந்துவிட்டேன்.