மலிவும் அறமும்

எல்லாளனின் மகன் ஏறிச் சென்ற தேரின் சில்லில் அகப்பட்டுக் கன்றொன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனை அதே தேர்ச்சில்லினால் தண்டித்தான். அநுராதபுரத்து அரசனின் வரலாறாக மகாவம்சமும், திருவாரூர்ச் சோழனின் வரலாறாகப் பெரியபுராணமும் கூறும் இக்கதையைச் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே போற்றி வந்துள்ளனர். தன் வாகனத்தால் பிறர்க்கு நேரும் தீங்குக்கு வாகனம் உடையவனே பொறுப்பாளி என்பது அதன் சாரம்.

ஆயின் அங்கு மாண்ட கன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. முறையிட ஒரு மணியும் இருந்தது. தீங்கு கண்ணுக்குப் புலனாகாததாக இருந்தால், பாதிக்கப்பட்டவர் அசைப்பதற்கு மணியே இல்லாதிருந்தால், அப்போது நீதி எங்கே தொடங்கும்?

இக்கேள்வி மிகச் சாதாரணமான ஒரு சந்தர்ப்பத்திலேயே எம்முன் எழுந்தது. குடும்பத்துக்கென ஒரு பழைய கார் வாங்க வேண்டியிருந்தது. ஓலைத்தொடுவாயிலிருந்து மன்னார் நகரத்துக்கு நெடுந்தூரமில்லை. எனினும் முதிய தாயை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வேளையில் பஸ் வண்டி வருவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தை ஆசிரியச் சம்பளம் வாங்குவோர் நன்கறிவர். கடன் பெற்றாலும் எம்மால் எட்டக்கூடியவை இரண்டே இருந்தன. ஒன்று சிறிய பெற்றோல் கார். மற்றது சற்றுப் பெரிய டீசல் கார். கணக்குத் தெரிந்த நண்பர்கள் அனைவரும் டீசலையே சுட்டினர்.

அவர்களின் கணக்கில் பிழையில்லை. பெற்றோல் எஞ்சின் எரிபொருளையும் காற்றையும் கலந்து, மின்பொறியால் தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினோ காற்றை மிக அதிகமாக அமுக்கி, அவ்வமுக்கத்தால் எழும் வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே ஒரே அளவு எரிபொருளில் டீசல் கூடுதல் தூரம் ஓடும். பழைய பெற்றோல் கார் லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றரும், டீசல் கார் பதினாறு கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் இறுதியில் பெற்றோல் லீற்றர் 177 ரூபாவுக்கும், டீசல் 121 ரூபாவுக்கும் விற்றன. ஆயிரம் கிலோமீற்றருக்குப் பெற்றோலில் ஏறத்தாழ 14,750 ரூபா. டீசலில் 7,560 ரூபா. பாதிச் செலவு! எந்தக் குடும்பத் தலைவன் தயங்குவான்?

டீசல் காரைப் பார்க்கச் சென்றோம். அதைக் காட்டியவன் எமது பழைய மாணவன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பள்ளியை விட்டு நின்று, வாகனம் திருத்துமிடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன். “எஞ்சின் கல்லு மாதிரி, சேர்” என்று சொல்லி அதை உறுமச் செய்தான். பின்னர், எமக்குச் சந்தேகம் வரலாகாதென்று, வண்டியின் பின்னால் போய்ப் புகைக்குழாய்க்கு அருகில் நின்றுகொண்டு, புகை அதிகமில்லை என்று கையால் காட்டினான். புகை இருந்தது. அது அவன் முகத்திற் படிந்தது. வகுப்பில் தொய்வு நோயால் அடிக்கடி மூச்சுத் திணறிய பிள்ளை அவன். எமது சேமிப்பில் மீதமாகும் பணத்தின் ஒரு பகுதியை அவனுடைய சுவாசப்பை செலுத்தப் போகிறது என்ற எண்ணம் அக்கணத்திலேயே எமக்குத் தோன்றியது.

இது வெறும் உணர்ச்சியன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாவது வகுப்பில் 2012 ஜூனில் சேர்த்தது. 2015இல் வொல்க்ஸ்வாகன் நிறுவனம், பரிசோதனையின்போது மட்டும் நச்சுவாயுவைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தை, உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடிப் பத்து இலட்சம் டீசல் வாகனங்களில் பொருத்தியிருந்தமை அம்பலமாயிற்று. பசு மணியை அசைக்காதவாறு மணியின் நாவையே கட்டிவைத்த செயல் அது.

அதனாற் பெற்றோல் புனிதமாகிவிடாது. 2002ஆம் ஆண்டு வரை இந்நாட்டுப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு அது. இன்றும் ஒரே தூரத்துக்குப் பெற்றோல் கார் பொதுவாகக் கூடுதலான காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. எந்த எரிபொருள் குற்றமற்றது என்று தேடினால் விடை கிடையாது. எமது தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட நூறு மெகாவாற் காற்றாலைகளுக்குப் புகையில்லை. எனினும் காற்றாலைகள் மேலும் பெருகுவதை எதிர்த்து மன்னார் மக்கள் 2025இல் வீதியில் இறங்கினர். எதற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை எவர் செலுத்துகிறார் என்பதே அறத்தின் கேள்வி.

டீசல் ஏன் மலிவாக விற்கப்பட்டது என்பதை ஆராய்ந்தால் இது மேலும் தெளிவாகும். பஸ் வண்டியும் லொறியும் உழவு இயந்திரமும் டீசலில் ஓடுகின்றன. அதன் விலை ஏறினால் அரிசியின் விலை ஏறும். பள்ளிப் பிள்ளையின் பயணக் கட்டணம் ஏறும். ஆகவே அந்த மலிவு பொதுமக்களின் பொருட்டு அமைந்த சலுகை. லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடும் பஸ் வண்டி ஐம்பது பேரைச் சுமக்குமானால், ஒரு லீற்றரில் ஒருவர் இருநூறு கிலோமீற்றர் செல்வதற்கு அது சமம். தனியொருவர் அமர்ந்து செல்லும் டீசல் காரில் அதே லீற்றர் பதினாறு கிலோமீற்றரே பயன்படுகிறது. பலருக்கென வைத்த பந்தியில் ஒருவர் அமர்ந்து உண்பதைப் போன்றது இது.

இச்சலுகை நிலையானதுமன்று. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபாவாகவும், டீசல் 460 ரூபாவாகவும் உயர்ந்தன. ஐம்பத்தாறு ரூபாவாக இருந்த வித்தியாசம் பத்து ரூபாவாகச் சுருங்கியது. வரிசைகளில் கார்களும் பஸ் வண்டிகளும் ஒரே டீசலுக்காகக் காத்து நின்றன. அதே ஆண்டு ஓகஸ்ட் 22 முதல் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக்கப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய எம்மூர் வள்ளங்கள் கரையில் ஏறின. அவ்வாண்டு மார்ச்சிலேயே பிழைக்க வழியின்றிக் கடல் கடந்து இராமேசுவரத்தை அடைந்தோரை நாம் மறந்துவிட முடியாது.

அதற்கு முன்னரும் ஒரு காலம் இருந்தது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மக்களின் சாதுரியத்தை வியக்கிறோம். ஆயின் மண்ணெண்ணெய் அன்று பிள்ளைகள் படித்த விளக்கின் எண்ணெயுமாகும். நோயாளியை ஏற்றி ஓடிய கார் அவ்வெண்ணெயைக் குடித்ததில் எவரும் குறை காணவில்லை. வாகனத்தின் நியாயம் அது சுமக்கும் தேவையிலேயே இருந்தது.

டீசல் எஞ்சினைப் படைத்த ருடோல்ப் டீசல் இதை உணர்ந்தவரே. பெருமுதலாளியின் நீராவி இயந்திரத்தோடு போட்டியிட முடியாத சிறு கைவினைஞருக்குத் தம் எஞ்சின் உதவவேண்டுமென அவர் விரும்பினார். 1903இல் உழைப்பாளரின் ஒருமைப்பாடு பற்றி ஒரு நூலும் எழுதினார். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரம் வகுத்ததும் இவ்வுணர்விலேயே. செல்வத்தின் பயன் பகிர்வில் உள்ளதென்றால், சலுகையின் பயனும் பகிர்வில்தானே இருத்தல் வேண்டும்?

ஆகவே எமக்கு ஒரு விதி கிடைத்தது. நெடுந்தூரம் பலரை ஏற்றிச் செல்லவோ, ஊரின் மீனைச் சந்தைக்குச் சேர்க்கவோ வாகனம் வேண்டுமாயின், நன்கு பராமரித்த டீசல் வண்டியை வாங்குவதில் தவறில்லை. நால்வர் அடங்கிய குடும்பம், தீவுக்குள் குறுந்தூரம் ஓடுவதற்கு, ரூபாவின் மிச்சத்துக்காக மட்டும் புகை கக்கும் பழைய டீசலைத் தேர்வது நியாயமாகாது. நாம் பெற்றோல் காரையே வாங்கினோம். மாதந்தோறும் கூடுதலாகச் செலவாகிறது, அதனை உணர்கிறோம். ஓடும் தூரத்தைக் குறைத்தும், மருத்துவமனைக்குச் செல்லும் அயலவரை உடன் ஏற்றியும் அதனை ஈடுசெய்ய முயல்கிறோம்.

இதனைத் தியாகமென்று கூறமாட்டோம். வேளைக்கு வரும் பஸ் வண்டி ஒன்றிருந்தால் இக்காரே எமக்குத் தேவைப்பட்டிராது. அதைக் கேட்டுப் பெறும் கடமை இன்னும் நிறைவேறாமலே கிடக்கிறது. கார் வாங்கியவன் அதை மறந்துவிடுவதே பெரிய ஆபத்து. எமது பழைய மாணவனிடம் வேண்டாமென்று சொன்னபோது, “வண்டியில் என்ன பிழை, சேர்?” என்று வருத்தத்தோடு கேட்டான். வண்டியில் மட்டும் பிழையில்லை என்று சொல்லத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டோம். அவனுக்குச் சொல்லாமல் விட்டதையே இங்கு எழுதினோம்.