எழவு சொல்லப் போன கால்கள்

முழு மாரத்தான் ஓடப் போகிறேன், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று சொன்னதும் அம்மா கேட்டாள்: "யாரு எழவு சொல்லடா அம்மாந்தூரம் ஓடற?"

கிண்டல் இல்லை. அவளுக்குத் தெரிந்து எங்கள் ஆட்கள் அவ்வளவு தூரம் ஓடியது அதற்குத்தான். செங்கல்பட்டுப் பக்கத்து எங்கள் ஊரில் சாதி இந்து வீட்டில் சாவு விழுந்தால் உறவுமுறைக்கெல்லாம் சேதி சொல்லச் சேரியிலிருந்து ஆள் போக வேண்டும். தாத்தா போனார். நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் போகணும், உச்சி வெயிலில் கூப்பிட்டாலும் போகணும். ஊர்த்தெருவில் செருப்பு கூடாது. தெருவைத் தாண்டினபிறகு போட்டுக்கொள்ளச் செருப்பும் கிடையாது. சித்திரை மாசத்து ஏரிக்கரை மண் காலைப் பொசுக்கும். போய்ச் சேர்ந்து சேதி சொன்னால் அந்த வீட்டார் அழுவார்கள். அழுது ஓய்கிற வரைக்கும் இவர் வெளியே நிற்பார். அப்புறம்தான் யாருக்காவது தண்ணி ஞாபகம் வரும். குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாயருகே வைத்துக்கொள்ள வேண்டும். சொம்பிலிருந்து மேலாக ஊற்றுவார்கள். கூலி ஒரு மரக்கால் கேழ்வரகு. முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. தீண்டப்படாதவர்கள் மேல் இந்துக் கிராமம் சுமத்திய கடமைகளைப் பட்டியல் போடும்போது அண்ணல் அம்பேத்கர் இதையும் சேர்த்தே எழுதுகிறார்: சாவுச் சேதி, கல்யாணச் சேதி, எவ்வளவு தூரமானாலும் கொண்டுபோக வேண்டும். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த மசோதா, மகர்களை இப்படி ஊர் ஊழியத்தில் கட்டிப் போட்டிருந்த வதன் முறையை எதிர்த்துத்தான்.

மாரத்தான் கதையும் சேதி சொல்லப் போனவன் கதைதானே. கிரேக்கத்தில் போர்ச் சேதியைச் சுமந்து ஓடியவன் சொல்லி முடித்ததும் செத்து விழுந்தான் என்பது பிற்காலத்தில் கட்டிய கதை. 1896இல் அந்தக் கதையை ஒலிம்பிக்கில் பந்தயமாக்கினார்கள். ஜெயித்த ஸ்பிரிடான் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்றவர். அங்கே சேதி சொன்னவனுக்குப் பேர் இருக்கிறது, சிலை இருக்கிறது. இங்கே மரக்கால் கேழ்வரகு. ஒரே வேலை ஒருவனுக்கு வீரமாகவும் இன்னொருவனுக்கு இழிவாகவும் ஆவது எதனால்?

விரும்பிச் செய்தால் விளையாட்டு, கட்டாயத்துக்குச் செய்தால் அடிமைத்தனம் என்று தோழர்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தாத்தாவுக்குத் தன் கால்மேல் ஒரு கர்வம் இருந்தது. "பஸ்ஸு வர்றதுக்கு முன்ன நான் போய் நின்னேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அது அடிமையின் பெருமிதம், அதைத் தூக்கிப்போடு என்கிறார் ஒரு தோழர். ஏவல் அவர்களுடையது, சரி. காலும் மூச்சும் யாருடையது? அதையும் பறித்துவிட்டால் அந்த மனுஷனுக்கு என்ன மிச்சம்? ஆனால் அந்தக் கர்வத்தைக் கொண்டாடப் போனால் வெட்டி ஊழியத்துக்கே மாலை போட்டது மாதிரி ஆகிவிடுகிறது. இந்தச் சிக்கலோடுதான் நான் ஓடப் பழகினேன்.

நான் இருப்பது தியாகராய நகர் கண்ணம்மாபேட்டை, சுடுகாட்டுப் பக்கம். காலை நாலரைக்குக் கிளம்பி வெங்கட்நாராயணா சாலை வழியாகப் பாண்டி பஜார் போய், பனகல் பூங்காவைச் சுற்றி வருவேன். அந்த நேரத்தில் தெருவில் இரண்டு வகை ஆட்கள்தான்: காசு செலவழித்து வேர்க்கிறவர்கள், வேர்த்துக் காசு வாங்குகிறவர்கள். துடைப்பத்தோடு நின்ற ஓர் அம்மா என்னை மூன்று நாள் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, சர்க்கரையா?" என்று கேட்டது. நம் ஆட்களில் ஒருவன் காரணமில்லாமல் ஓடுவான் என்று அதற்குத் தோன்றவில்லை.

அலுவலகத்தில் ஒருவர் வேறு மாதிரி சொன்னார்: "உங்களுக்கென்ன சார், வெயில் தாங்கற உடம்பு." பாராட்டுகிறாராம். இந்தப் பாராட்டை வைத்துத்தான் நம்மை வெயிலிலேயே நிறுத்தி வைத்தார்கள். யார் உடம்பானாலும் ஒன்றிரண்டு வாரம் வெயிலில் பழகினால் முன்னதாக வேர்க்கவும், அதிகமாக வேர்க்கவும் கற்றுக்கொள்கிறது; வேர்வையில் உப்பு குறைகிறது. சென்னை மாதிரி ஈரக் காற்றில் அந்த வேர்வையும் ஆவியாகாமல் சொட்டிப் போகும், உடம்பு குளிராது. இதில் பிறப்புக்கு என்ன வேலை?

1904 ஆகஸ்ட் 30, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். வெயில் 32 டிகிரியைத் தொட்டது. புழுதிச் சாலை. தண்ணீர் குறைந்தால் உடம்பு என்னவாகிறது என்று பார்க்க நினைத்த அமைப்பாளர், வழியில் தண்ணீரையே சுருக்கிவிட்டார். 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடித்தார்கள். அந்தப் பதினாலில் இருவர் தென்னாப்பிரிக்காவின் சுவானா மக்கள், லென் தாவ்னியானே, ஜான் மஷியானி. ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பு ஆப்பிரிக்கர்கள். அவர்கள் அங்கே வந்தது ஓட அல்ல. போயர் யுத்தத்தை நடித்துக் காட்டிய கண்காட்சியில் வேஷம் கட்ட. யுத்தத்தில் சேதி கொண்டு ஓடியவர்கள் என்று சொல்லப்படுகிறது. லென்னை நாய் துரத்தி வழியைவிட்டே வெகுதூரம் விலக வைத்தது. அப்படியும் ஒன்பதாவதாக வந்தார். பேரைக்கூடச் சரியாக எழுதிவைக்கவில்லை. இதைப் படித்த அன்று தாத்தா ஞாபகம் வந்து வெகுநேரம் தூங்கவில்லை.

நான் ஓடியது ஒரு ஜனவரியில். ஜனவரி என்றால் குளிர் என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் ஓடிப் பார்த்ததில்லை. நாலு மணி இருட்டில் கிளம்பினோம். வேகமானவர்கள் வெயில் ஏறுமுன் முடித்துப் போய்விட்டார்கள். வெயில் பிந்தினவர்களுக்குத்தான். முப்பத்துநாலாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் கல்லாய் இறுகிவிட்டது. தண்ணீர் வைத்திருந்த இடத்தில் டம்ளர் தீர்ந்திருந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி கேனைத் தூக்கிப் பிடித்து, "கையை நீட்டுங்க அங்கிள், ஊத்தறேன்" என்றாள்.

குனிந்தேன். கை தானாகச் சேர்ந்து வாயருகே போனது. என் வாழ்நாளில் நான் அப்படித் தண்ணி குடித்ததில்லை. விழுந்த தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு என் சாதி தெரியாது. எனக்கு முன்னால் நின்றவருக்கும் அப்படித்தான் ஊற்றினாள், சிரித்த முகத்தோடு. அறிவுக்குத் தெரிந்தது முதுகுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து, "கேனைக் குடும்மா" என்றேன். கொடுத்தாள். நானே அண்ணாந்து குடித்து, தலையிலும் ஊற்றிக்கொண்டு, நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருக்கும்போது எங்கள் சந்துப் பெண் ஒருத்தி நினைப்பு வந்தது. ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தை 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தியது. நின்றே கால் வீங்கியவர்களுக்காக ஒரு மாநிலம் சட்டம் போடவேண்டி வந்திருக்கிறது, பாருங்கள். அவளைக் கேட்டேன். "ஸ்டூல் இருக்குதுண்ணா. உக்காந்தா சூப்பர்வைசர் பாப்பாரு." அவளை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. விரும்பித்தான் வேலைக்குப் போனாள். விருப்பம் என்பதை நான் கிளம்புகிற இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன். அது பாதி வழியில் கிடந்தது. கால் இறுகினால் நிற்கலாம், உட்காரலாம், போதும் என்று திரும்பிப் போகலாம், ஏன் என்று கேட்க எவனுமில்லை. தாத்தாவின் வேகம் அவருடையதுதான்; அவரிடமிருந்து பிடுங்கப்பட்டது இந்தப் பத்து நிமிஷம். அதனால் அந்தக் கர்வத்தை நான் தூக்கிப்போட வேண்டியதில்லை என்று பட்டது. தோழர் ஒத்துக்கொள்ள மாட்டார். பேசிக்கொள்வோம்.

மிச்சத்தை ஓடியும் நடந்தும் முடிக்கப் பத்தேகால் ஆகிவிட்டது. பதக்கத்தை வாங்கிப் பார்த்த அம்மா, இரும்பா பித்தளையா என்று சுண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நடுவுல எங்கியாவது உக்காந்தியா?"

"உக்காந்தேம்மா. பத்து நிமிஷம்."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லலம்மா."