வாசல் எந்தப் பக்கம்?

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றில் ஒரு ராத்திரி தங்கக் கொடுக்கும் பணத்தில் எங்கள் ஊரான வடக்குத்தில் ஒரு மாத வீட்டு வாடகையே கட்டிவிடலாம். அப்படியும் சனி, ஞாயிறு என்றால் அறைக்கு அலைய வேண்டியிருக்கிறது. மெத்தைக்காகவா இவ்வளவு பணம்? யாரோ தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சுவர்களுக்குள் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்ற ஆசைக்குத்தான். இந்த ஆசையைப் பற்று என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். திருக்குறளில் நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடம்பிலேயே உயிர் ஒண்டுக்குடித்தனம்தான் இருக்கிறது, அதற்கென்று நிலையான வீடு இன்னும் அமையவில்லையோ என்று கேட்கிறார் வள்ளுவர். உடம்பே இரவல் என்றால் ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் ஏங்குவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. அம்மா பிறந்த ஊர் இப்போது தரைக்கு மேலே இல்லை. 1957-இல் நேரு வந்து நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்ததற்குப் பிறகு, பழுப்பு நிலக்கரியைத் தேடிப் பள்ளம் விரிய விரிய ஊர் ஊராக இடம் மாறினார்கள். நிலக்கரிக்கு மேலே பனை உயரத்தைத் தாண்டி மண் கிடக்கிறது. பெரிய சக்கர இயந்திரம் அதை வெட்டி எடுத்து, நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டும். அதனால் அங்கே போய் நின்று இதுதான் நம்ம கொல்லை என்று காட்ட முடியாது. மேல்மண் எங்கேயோ, அடிமண் எங்கேயோ. அந்த நிலக்கரியில் வந்த மின்சாரம் எத்தனையோ ஊர்களுக்கு வெளிச்சம் கொடுத்தது, புதுச்சேரிக்கும் போகிறது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஊரைக் காலி செய்தபோது தாத்தா வாசக்காலை மட்டும் பெயர்த்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். வேப்பமரத்து வாசக்கால். மேல் சட்டத்தில் கோலம்போலச் செதுக்கியிருக்கும், நடுவில் மஞ்சள், குங்குமம் வைத்து வைத்துப் பள்ளமாகிவிட்ட ஓர் இடம். வடக்குத்தில் கட்டிய வீட்டு வாசலுக்கு அது அகலம் கூடுதல். முந்திரி விறகுக்குப் பக்கத்தில் சாத்தியே கிடந்தது, செல்லரித்துப் போகிற வரைக்கும். பாட்டி அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குவாள். வருகிறவர்கள் ஆறுதல் சொல்வார்கள்: “என்னத்தக் கொண்டாந்தோம், என்னத்தக் கொண்டுபோவப் போறோம்? எல்லாம் மாயை.” சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டு வாசக்கால் அதனதன் இடத்தில்தான் இருந்தது.

போன தை மாதம் அம்மாவைப் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி. பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் தெருக்கள். அங்கே தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம். மாடி மட்டும் பிரெஞ்சு சாயலில் வளைவு ஜன்னலோடு இருக்கும். பெருமாள் கோவில் தெருவில் அப்படி ஒரு வீடுதான் ‘மேசோன் பெருமாள்’ என்ற விடுதியாக நடக்கிறது. நாங்கள் தங்கியதும் அந்த வட்டாரத்திலேயே ஒரு வீடு. அம்மா அறைக்குள் போகவே இல்லை. முற்றத்தைச் சுற்றி நடந்தாள். “இங்க குதிர் இருந்திருக்கும், இது சாமி மூலை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காப்பி கொண்டுவந்த பையனிடம், “இந்த ஊட்டுக்காரங்க இப்ப எங்க இருக்காங்க தம்பி?” என்று கேட்டாள். “பசங்க எல்லாம் பிரான்ஸ்ல இருக்காங்கம்மா.” அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “அவங்களும் இங்க தங்கணும்னா காசு குடுக்கணுமா?” என்றாள்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருப்பதாக எனக்குப் பட்டது. வீடு அழியாமல் நிற்கிறது, வீட்டுக்காரர்கள் விருந்தாளியாகிவிட்டார்கள். அம்மாவுக்கோ ஊட்டுக்காரி என்ற நினைப்பு மட்டும் அழியாமல் நிற்கிறது, வீடு இல்லை.

புதுச்சேரியே இடிந்து எழுந்த ஊர்தான். 1761 ஜனவரியில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்த சில நாளில் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பழைமை என்று விரல் வைத்துத் தடவுகிற கடற்கரை வீதி வீடுகள் அதற்குப் பிறகு கட்டியவை. பிள்ளையின் மாளிகை தப்பி இன்னும் நிற்கிறது. இதைக் காட்டி, பார்த்தாயா எதுவும் நிலையில்லை என்று ஒருவர் பேசலாம். நான் அதில் பார்ப்பது வேறு. இடிந்த இடத்திலேயே மறுபடி வாசக்கால் நட்டார்களே, அந்தப் பிடிவாதம். அதை அறியாமை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

எங்களுக்குப் பக்கத்திலேயே வடலூர் இருக்கிறது. வள்ளலார் சொந்த வீடு வைத்துக்கொண்டவரில்லை. கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் பல வருஷம் இருந்தார். கடைசிக் காலம் மேட்டுக்குப்பத்தில். பற்றை விடு என்று ஊருக்குச் சொல்ல அவரைவிடத் தகுதி யாருக்கு? ஆனால் பசியோடு வந்தவரிடம் அவர் உடம்பு பொய் என்று பேசவில்லை. பார்வதிபுரத்து ஜனங்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் 1867-இல் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. போகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை.

நிலையாமை உண்மைதான். ஆனால் அது ஒருவர் தன் மனசுக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உண்மை. வீட்டை இழந்து நிற்கிறவரிடம் அடுத்தவர் அதைச் சொன்னால் அது ஞானமாக இறங்காது, வாயை அடைக்கிற வேலையைத்தான் செய்யும். பாட்டிக்கு அதுதான் நடந்தது. தன் வீட்டைப் பற்றிப் பேசுவதையே அவள் நிறுத்திவிட்டாள். நூறு வருஷத்து முற்றத்துக்குக் காசு கொடுத்துத் தங்குகிற நம்மில் ஒருவர், அந்தப் பேச்சைக் காசில்லாமல் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

இப்போது எங்கள் பக்கத்தில் நிலம் விட்டு வந்தவர் யாரைப் பார்த்தாலும் நான் ஆறுதல் சொல்வதில்லை. உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்கிறேன். கிழக்கு என்பார்கள், அப்புறம் கிணறு வரும், மாட்டுக்கொட்டகை வரும், பலா மரம் வரும். சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.