கால் மாத்திரையில் இருக்கும் நான்

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பிக்கும்போது யாரும் தத்துவம் பேசுவதில்லை. ராத்திரி தூக்கம் வந்தால் போதும், காலையில் எழுந்து பல் தேய்த்தால் போதும் என்றுதான் இருக்கும். கேள்விகள் எல்லாம் குறைக்கும்போதுதான் வருகின்றன.

நான்கு வருடம் எஸ்சிடாலோப்ராம் 10 மி.கி. எடுத்தேன். இப்போது டாக்டர் சொல்கிறபடி பல மாதங்களாகக் குறைத்து வருகிறேன். 10, 7.5, 5, இப்போது 2.5. அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "மாத்திரை இல்லாம இருடா, அப்பதான் பழையபடி நீ நீயா இருப்ப" என்கிறாள். அந்த 'நீயா'தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அப்படியென்றால் இந்த நான்கு வருடம் ஆபீஸ் போனது யார்? தங்கை கல்யாணத்தில் பந்தி கவனித்தது யார்?

முதலில் கணக்கு. இவ்வகை மாத்திரைகள், செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் ஒரு புரதத்தை அடைக்கின்றன. ஆனால் அளவும் விளைவும் நேர்கோட்டில் போவதில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த சிட்டலோப்ராமை 20 மி.கி. எடுத்தாலே சுமார் 80 சதவீதம் அடைபட்டுவிடும். 60க்குப் போனாலும் 90ஐத் தொடாது. ஆகவே மேலே குறைப்பது சமதளத்தில் நடப்பது மாதிரி. கீழே வரவர ஒவ்வொரு மில்லிகிராமும் ஒரு பெரிய படி. சம அளவில் வெட்டாமல், கடைசியில் மிகச் சிறிய அளவுகளாக இறங்க வேண்டும் என்று மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதியது இதனால்தான்.

அப்படி இறங்கும்போது தலைக்குள் சின்ன ஷாக் அடித்த மாதிரி இருக்கும், எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும். இது நோய் திரும்புவதா, மருந்து விலகுவதா? குறைத்த சில நாளிலேயே, ஷாக் மாதிரியான புது அறிகுறிகளோடு வந்தால் பெரும்பாலும் விலகல் என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். ஆனால் அழுதுகொண்டிருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டும் 'நான்' என்ற அதே குரலில்தான் பேசும். அந்தக் குரலை நம்பி 'நிஜ நான்' யாரென்று எப்படி முடிவுசெய்வது?

பீட்டர் கிராமர் 1993இல் எழுதிய 'லிசனிங் டு ப்ரோசாக்' நூலில், மருந்தை நிறுத்திய ஒரு பெண், தான் தானாக இல்லை என்று அவரிடம் வந்து சொல்கிறார். அம்மா சொல்வதற்கு நேர் எதிர்.

எங்கள் தொழிலில் ரோல்பேக் என்று ஒன்று உண்டு. கோடைப் பழைய வெர்ஷனுக்குக் கொண்டுபோய்விடலாம். இடையில் சேர்ந்த டேட்டா அப்படியே இருக்கும். மனிதனும் அப்படித்தான். திரும்பிப் போக 'பழையபடி' என்று ஓர் இடம் இல்லை.

பிறகு ஏன் குறைக்கிறாய் என்றால், துக்கத்தோடு சந்தோஷமும் கொஞ்சம் மழுங்கியிருந்தது. அந்த விலை இனியும் தேவையா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். இதில் புண்ணியம் ஒன்றுமில்லை. மெட்ஃபார்மின் போடும் பெரியப்பாவிடம் யாரும் "நீங்க நீங்களா இருங்க" என்று சொல்வதில்லையே.

நான் என்பது மில்லிகிராமில் இல்லை என்றே இப்போது நினைக்கிறேன். 10இல் இருந்தவன் கொடுத்த வாக்கை 2.5இல் இருப்பவன் காப்பாற்றுகிறான். அவன் வாங்கிய கடனை இவன் கட்டுகிறான். இருவரும் ஒருவரே என்பதற்கு எனக்கு அது போதும். அடுத்த மாதம் டாக்டர் திரும்ப 5க்குப் போகச் சொன்னால் போவேன். அதை அம்மாவுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம்.